மாறாத கோப்பும் தினகரனும்

போன வாரம் நிவேதிதா ஃபோன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலியில் வந்து உட்கார்ந்த பெண். வைட்ஃபீல்டில் நான் கடைசியாக வேலை பார்த்த கம்பெனியின் லினக்ஸ் சர்வர்களை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

"மேடம், எய்டை எடுத்துடப் போறோம். இப்பல்லாம் சர்வரே கொஞ்ச நேரந்தான் உயிரோட இருக்குது. வேலை முடிஞ்சா தூக்கிப் போட்டுட்டுப் புதுசு ஒண்ணு எழுப்பிக்கிறோம். எதைப் போய்க் காவல் காக்கிறது? அதான், டீம் பேஜ்ல போடறதுக்கு நீங்க பழைய கதை ஏதாச்சும் எழுதிக் குடுங்களேன். ஜாலியா இருக்கட்டும்."

ஜாலியாக எழுத எனக்கு வராது. பிரேசர் டவுனிலிருந்து வைட்ஃபீல்டுக்குப் பஸ்ஸிலும் கேபிலும் போய்வந்தே பாதி ஆயுளைத் தொலைத்தவள் நான். மெட்ரோ அங்கே எட்டிப் பார்த்தபோது என் முழங்கால் போயிருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டாள், எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் போடாமல் விடட்டும்.

நான் படித்தது இயற்பியல். கம்ப்யூட்டர் பழகியது கன்டோன்மென்ட் பக்கம் ஒரு சின்ன இன்ஸ்டிட்யூட்டில். பிறகு இரண்டு சின்னக் கம்பெனிகள், ஒரு கல்யாணம், ஒரு பிள்ளை, நடுவில் வேலையை விட்டுவிட்டுத் திரும்பவும் அடியிலிருந்து ஆரம்பித்தது. இதையெல்லாம் விரித்துச் சொன்னால் எனக்கே தூக்கம் வரும். உருப்படியாக வேலை கற்றது இந்தக் கடைசிக் கம்பெனியில், ரங்கநாதன் சாரிடம்தான். நோயாளிகள் ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டும் பணம் எங்கள் சர்வர்கள் வழியாகப் போகும். அவர்தான் அந்த சர்வர்களுக்கெல்லாம் பொறுப்பு.

சார் மல்லேஸ்வரம்காரர். மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருக்கும் தமிழ்க் குடும்பம். வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். கீபோர்டைத் தொடவே மாட்டார். நம் நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று நம்மைத் தட்டச் சொல்வார். தட்டி முடித்து என்டருக்கு விரல் போகும்போது, "ஸ்வல்ப தாளு" என்பார். கொஞ்சம் பொறு என்று அர்த்தம். தட்டியதை நாமே வாய்விட்டுப் படிக்க வேண்டும். படித்த பிறகுதான் "ஆய்த்து, தட்டு" என்று அனுமதி வரும். கோபம் வந்தால் அவர் குரல் ஏறாது, மரியாதை ஏறும். எப்போதும் 'ஸ்டெல்லா, நீ' என்பவர் 'வாங்க ஸ்டெல்லா, உக்காருங்க' என்றால் அன்றைக்கு நம் கதை முடிந்தது.

எய்டு என்பது ஒரு காவல் மென்பொருள். சர்வரில் உள்ள முக்கியமான ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை மாதிரி ஒன்றை எடுத்துச் சேர்த்து வைக்கும். அந்தத் தொகுப்புக்கு பேஸ்லைன் என்று பெயர். பிறகு தினமும் கோப்புகளைப் பார்த்து, பேஸ்லைனோடு ஒப்பிட்டு, எது மாறியது, எது புதிதாக வந்தது, எது காணாமல் போனது என்று மெயில் அனுப்பும். கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் கைரேகை மாறிவிடும். மாறியது நல்லதா கெட்டதா என்பது மட்டும் அதற்குத் தெரியாது, அதை மனிதர்கள்தான் பார்க்க வேண்டும்.

அதனால்தான் பேஸ்லைன் எடுப்பதற்கு முன் சார் அந்தப் பாடு படுத்துவார். முதலில் அந்த சர்வரில் யார் யாருக்குக் கணக்கு இருக்கிறது என்று ஒவ்வொரு பெயராகப் படிக்க வேண்டும். "இது யாரு? இப்ப வேலையில இருக்கானா? எங்க உக்காந்திருக்கான், போய்ப் பாத்துட்டு வா" என்பார். நான் எழுந்து போய் அந்த ஆளைப் பார்த்துவிட்டு வர வேண்டும். அடுத்து, யாருக்கெல்லாம் முழு அதிகாரம். அடுத்து, நேரம் வைத்துத் தானாக ஓடும் வேலைகள். கடைசியாக, வெளியுலகத்துக்குத் திறந்திருக்கும் வாசல்கள். ஒரு சர்வருக்கு ஒரு நாள் முழுசாகப் போய்விடும். மண்டை காய்ந்து ஒருநாள் கேட்டே விட்டேன், எதற்கு சார் இவ்வளவு என்று.

"சுத்தமான மெஷினுக்குத்தாம்மா கைரேகை எடுக்கணும். அழுக்கோட எடுத்தா அந்த அழுக்குதான் அதோட சொந்த முகம்னு ஆயிடும். அப்புறம் யாராவது அதைத் தொடச்சாதான் நமக்கு மெயில் வரும்" என்றார்.

எடுத்த பேஸ்லைனை ஒரு டிவிடியில் எழுதி ஸ்டீல் பீரோவில் வைத்துப் பூட்டுவோம். சர்வருக்குள் நுழைகிறவன் அங்கே இருக்கும் பேஸ்லைனையும் மாற்றிவிடலாம், பீரோவுக்குள் இருக்கும் டிவிடியை மாற்ற முடியாது. ஆபீஸில் மற்றவர்கள் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன்.

பிறகு சர்வர்கள் பெருகின. ஒன்றுக்கு ஒரு நாள் என்று உட்கார்ந்தால் ஜென்மத்துக்கும் முடியாது. அப்போது ஆன்சிபிள் வந்தது. செய்ய வேண்டியதை வரிசையாக எழுதிக் கொடுத்தால் எல்லா சர்வரிலும் அதுவே போய்ச் செய்துவிட்டு வரும். அப்படி எழுதுவதற்கு ப்ளேபுக் என்று பெயர். எய்டை நிறுவுவது, எந்தெந்தக் கோப்புகளைப் பார்க்க வேண்டும் என்று சொல்வது, தினமும் ஓடும் நேரத்தை வைப்பது, முதல் பேஸ்லைனை எடுத்து எங்கள் மெஷினுக்குக் கொண்டுவருவது என்று ஒரு ப்ளேபுக்கை நான் எழுதினேன். முதல் தடவை ஓடி முடிந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. கை வலிக்கச் செய்த வேலையெல்லாம் திரையில் பச்சை வரிகளாக ஓடியது.

எழுத முடியாமல் போனது ஒன்றுதான். ஒருவர் உட்கார்ந்து படித்து, இது யார், இவனுக்கு எதற்கு இந்த அதிகாரம் என்று கேட்பதை ப்ளேபுக்கில் எப்படி எழுதுவது? அதற்கு சார் டைரக்டரிடம் இரண்டு மாதம் அவகாசம் கேட்டார். எங்கள் டைரக்டர் எல்லோரிடமும் சிரித்துப் பேசுவார், யாருக்கும் அவகாசம் கொடுக்க மாட்டார். ஆடிட் வருகிறது, அதற்குள் எல்லா சர்வரும் எய்டுக்குள் வர வேண்டும் என்றுவிட்டார். சார் திரும்பி வந்து என் பின்னால் நின்றார். "நீங்க ஓட்டுங்க ஸ்டெல்லா" என்றார். அந்த 'நீங்க' எனக்கில்லை என்று புரிந்தது. ஒரே மத்தியானத்தில் எல்லா சர்வருக்கும் பேஸ்லைன் ஆகிவிட்டது. பணம் போகிற சர்வர்களின் பேஸ்லைனை மட்டும் டிவிடியில் எழுதிப் பீரோவில் வைக்கச் சொன்னார், வைத்தேன். ஆடிட்டுக்கான தாளில், சர்வர்கள் சரிபார்க்கப்பட்டன என்ற வரிக்குக் கீழே அவர் கையெழுத்துப் போட்டார்.

அடுத்து வந்தது பேட்ச் தொல்லை. மாதாமாதம் மென்பொருள்களுக்குத் திருத்தம் போடும்போது ஆயிரக்கணக்கான கோப்புகள் மாறும். எய்டு தன் வேலையை ஒழுங்காகச் செய்யும், மெயில் வந்து குவியும். சர்வர்களின் நிலவரம் காட்டும் டைரக்டரின் டாஷ்போர்டு சிவந்துவிடும். பேட்ச் போட்டவுடனே அதே ப்ளேபுக்கில் புது பேஸ்லைன் எடுத்துப் பழையதின் மேல் எழுதிவிடுங்கள் என்று அவர் சொன்னார்.

"அப்படிப் பண்ணா, நடுவுல எவனாச்சும் பூந்து எதையாச்சும் மாத்தியிருந்தா அதுவும் சேந்து சரின்னு ஆயிடும் சார்" என்று ரங்கநாதன் சாரிடம் சொன்னேன். அவர் அதை மேலே கொண்டுபோனார். வெறுங்கையோடு திரும்பினார். டாஷ்போர்டு பச்சையானது. பழைய பேஸ்லைன்கள் மாதாமாதம் அழிந்தன. பேக்கப்பிலும் அவை கிடையாது. எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாமே, எதற்கு இடத்தை அடைக்க வேண்டும் என்று பேக்கப் குழு விட்டுவிட்டது.

இந்த லட்சணத்தில்தான் தினகரன் விவகாரம் வந்தது.

தினகரன் நீலசந்திராக்காரன். அப்பா சென்ட்ரிங் வேலை. அரசுக் கல்லூரியில் டிப்ளமோ படித்துவிட்டு, லினக்ஸைத் தானாகவே கற்றுக்கொண்டு, ஒரு ஏஜென்சி மூலமாக கான்ட்ராக்ட்டில் எங்களிடம் வந்தான். என்னை மேடம் என்று கூப்பிடாமல் அக்கா என்றது அவன் ஒருவன்தான். பேட்ச் ஓட்டுவது அவன் பொறுப்பு. ஒரு மாதம் பணம் போகும் சர்வர் ஒன்றில் மட்டும் பேட்ச் பாதியில் நின்றுவிட்டது. அவன் உள்ளே நுழைந்து, கையால் சரிசெய்து, எழுதி வைத்த முறைப்படி பேஸ்லைனைப் புதுப்பித்துவிட்டு வந்தான். நல்ல வேலை என்று நானே சொன்னேன்.

சில நாள் கழித்து வந்த ஆடிட்டர் அதே சர்வரில் ஒரு சின்னக் கோப்பைக் கண்டுபிடித்தார். 'ரிப்போர்ட்' என்ற ஒரு கணக்குக்குக் கடவுச்சொல்லே கேட்காமல் முழு அதிகாரமும் கொடுக்கும் ஒரே ஒரு வரி அதில் இருந்தது. பூட்டிய வீட்டுக்குப் பின்பக்கம் திறந்து கிடக்கும் கதவு அது. யார் வைத்தது, எப்போது வைத்தது என்று கேட்டார். கோப்பின் தேதி பழையதாகத்தான் இருந்தது. தேதியை யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம், அது சாட்சி ஆகாது என்று சொல்லிவிட்டார். எங்கள் பேஸ்லைனோ போன பேட்ச் வரைக்கும்தான் போகும். அதற்கு முந்தியது எதுவும் இல்லை. அந்தச் சமயத்தில் அந்த சர்வருக்குள் நுழைந்த ஒரே மனிதன் தினகரன். நுழைந்தான், பேஸ்லைனைப் புதுப்பித்தான். வேறென்ன வேண்டும்? வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் ஒரு பெயர் வேண்டும் என்றார் டைரக்டர். அவர் மனதில் அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தது.

மறுநாள் காலை தினகரன் ரிசப்ஷன் சோபாவில் உட்கார்ந்திருந்தான். மடியில் டிபன் பை.

"என்னடா இங்க உக்காந்திருக்க?"

"என் கார்டு வேலை செய்ய மாட்டேங்குதுக்கா. செக்யூரிட்டி அண்ணன் விசிட்டர் சீட்டு எழுதிக் குடுத்தாரு. டெய்லி வந்து உக்காரணுமாம், ஏஜென்சில சொல்லிட்டாங்க. வரலைன்னா நானே ஓடிட்டேன்னு ஆயிடுமாம்."

"நான் கேக்கறேன்னு தப்பா நினைக்காத. அந்த ஃபைலை நீ பாத்தியா?"

"பாக்கலக்கா. பேட்ச் போடற யம் இருக்குல்ல, அதோட பூட்டு மாட்டிக்கிச்சு, அதை எடுத்துவிட்டேன், பேட்ச் போட்டேன், வந்துட்டேன். அந்த ஃபைல் இருக்கற ஃபோல்டர் பக்கமே போகல." கொஞ்ச நேரம் டிபன் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தான். "வேலை போனா போவுது, வேற பாத்துக்கலாம். ஆனா இந்த மாதிரி பண்ணான்னு எழுதி அனுப்புனா அடுத்தவன் எவன் எடுப்பான்? ஃபோன் போட்டுக் கேப்பாங்கல்ல. அப்பா ஏரியா பூரா சொல்லி வெச்சிருக்காருக்கா, எம் புள்ள கம்ப்யூட்டர் கம்பெனின்னு."

அவனோடு தினமும் டீ குடித்த பிள்ளைகள் அவனைத் தாண்டி லிஃப்டுக்குப் போனார்கள். ஒருவரும் நின்று பேசவில்லை. ஆளுக்கொரு ஃபோனைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

மேலே போனதும் ரங்கநாதன் சார் கேட்டது ஒன்றுதான். "அந்த டிவிடி எங்க?"

பீரோ எங்கே என்றே தெரியவில்லை. எங்கள் மாடியைப் புதுப்பித்தபோது அதைத் தூக்கி பேஸ்மென்ட்டில் போட்டிருந்தார்கள். உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால் கிடந்தது. சாவியைத் தேடி அட்மின் ஆபீஸுக்கு நானும் சாரும் எத்தனை முறை நடந்தோம் என்று கணக்கில்லை. ஒருவழியாகத் திறந்து டிவிடியை எடுத்தால், அதைப் படிக்க ஆபீஸில் ஒரு டிரைவ் கிடையாது. எந்த லேப்டாப்பிலும் அந்த வாயே இப்போது இல்லை. பழைய எலக்ட்ரானிக்ஸ் சாமான் கிடைக்கும் எஸ்.பி. ரோடுக்குப் போனேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "யாரும்மா இப்ப இதைக் கேக்கறாங்க" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, மேல் தட்டிலிருந்து தூசு தட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். போக வர அரை நாள் டிராபிக்கிலேயே போனது. அந்த வாரம் முழுக்க எனக்கு இருந்த அலுப்பு இப்போது எழுதும்போதும் கால்களில் தெரிகிறது.

வியாழக்கிழமை மத்தியானம் டிவிடியைப் போட்டேன். அது கரகரவென்று சுற்றிக்கொண்டே இருந்தது. சார் வழக்கம்போலப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதல் நாள் எடுத்த பேஸ்லைன் திறந்தது. அந்தக் கோப்பின் பெயரைத் தேடினேன்.

"சார், இருக்கு."

"கைரேகையைப் படி."

படித்தேன். எழுத்தும் எண்ணுமாக நீளமான வரிசை. இன்றைய கோப்பினுடையதையும் படித்தேன். ஒரே வரிசை.

"இன்னொரு வாட்டி படி, மெதுவா."

ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன், அதே வரிசைதான். அந்தக் கோப்பு மாறவே இல்லை. நாங்கள் பேஸ்லைன் எடுத்த முதல் நாளிலேயே அது அங்கே இருந்திருக்கிறது. தினகரன் அப்போது எங்கள் கம்பெனியின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டான். சர்வரை முதலில் கட்டிக் கொடுத்த வெளியாட்கள் தங்கள் வசதிக்கு வைத்துவிட்டு எடுக்க மறந்திருக்கலாம், எங்களால் அதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து எய்டு தினமும் அந்தக் கதவைப் பார்த்திருக்கிறது. எல்லாம் அப்படியே இருக்கிறது என்று தினமும் சொல்லியிருக்கிறது.

சார் என் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அபூர்வம்.

"அன்னிக்கு ஒக்காந்து படிச்சிருந்தா அஞ்சு நிமிஷத்துல இது கண்ணுல பட்டிருக்கும்" என்றார்.

"அவங்க நேரம் குடுக்கலையே சார்."

"குடுக்கல. ஆனா பாத்தாச்சுன்னு கையெழுத்து போட்டது யாரு?"

"சார், அதை இப்ப யாரும் கேக்கல. இந்த டிவிடியைக் காட்டினாலே தினாவை விட்டுடுவாங்க. அதோட நிறுத்திக்கலாம். உங்களுக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு, நீங்களா எதுக்குத் தலையைக் குடுக்கறீங்க?"

"நான் சொல்லலைன்னா, அப்ப வெச்சது யாருன்னு மறுபடி தேடுவாங்க ஸ்டெல்லா. தேடினா அவன மாதிரியே இன்னொருத்தன் கிடைப்பான். கான்ட்ராக்ட் பையனுக்கா இங்க பஞ்சம்?"

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் நான் இரண்டு வரிசைகளையும் திரையில் போட்டேன். டைரக்டர் தலையாட்டிவிட்டு, அப்படியானால் அந்தப் பையன்மேல் தப்பில்லை, வைத்தது யார் என்று பார்ப்போம் என்றார். சார் எழுந்து நின்றார். வைத்தது யார் என்று எங்களுக்குத் தெரியாது, ஆனால் சரிபார்க்காமலே சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவன் நான், மாதாமாதம் பழைய பேஸ்லைன் அழிவது தெரிந்தும் அந்த ப்ளேபுக்கை ஓடவிட்டவனும் நான், அதை எழுதிக்கொள்ளுங்கள் என்று அமைதியான ஆங்கிலத்தில் சொன்னார். டைரக்டர் சிரிக்காமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். அவகாசம் கேட்டதையோ, அது மறுக்கப்பட்டதையோ சார் சொல்லவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

சாரைப் பொறுப்பிலிருந்து எடுத்து, பேன்ட்ரிக்குப் பக்கத்து அறையில் ஏதோ நடைமுறைக் குழு என்று உட்கார வைத்தார்கள். சில மாதங்களில் அவரே ஓய்வு கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தக் கோப்பை அழித்தோம். தானாகப் புதுப்பிக்கும் வரியை ப்ளேபுக்கிலிருந்து எடுத்தேன். இனி பேட்ச் போட்ட பிறகு வரும் ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு மனிதர் படித்து, காரணம் எழுதி, தன் பெயரைப் போட்ட பிறகுதான் புது பேஸ்லைன் என்று விதி வந்தது. பேட்ச் வரும் மாதங்களில் உயிர் போகும். இருந்தாலும் அந்த விதியை நான் ஓய்வு பெறும்வரை விடவில்லை.

தினகரனின் கார்டு திங்கட்கிழமை வேலை செய்தது. ஏஜென்சிக்கு ஒரு மெயில் போனது. அவனுக்கு எதிராக ஒன்றும் நிரூபிக்கப்படவில்லை என்று அதில் எழுதியிருந்தார்கள். அவன் ஒன்றும் செய்யவில்லை என்று எழுதுங்கள் என்று எச்.ஆரிடம் போய் நின்றேன். இப்படித்தான் எழுதுவது வழக்கம் என்றார்கள்.

அவன் வந்தான், உட்கார்ந்தான், வேலை பார்த்தான். ஆனால் எதையும் தனியாகத் தட்ட மாட்டேன் என்றான். கட்டளையை எழுதிவிட்டு, "அக்கா, ஒரு நிமிஷம் வந்து நில்லுங்களேன்" என்பான். முதலில் நல்ல பழக்கம் என்றுதான் நினைத்தேன். ஒரு கோப்பைத் திறந்து பார்ப்பதற்குக்கூட ஆள் தேட ஆரம்பித்தபோது பயமாக இருந்தது. நான் லீவில் இருந்தால் அவன் வேலை அப்படியே நிற்கும். பிள்ளைகள் கேலி செய்தார்கள். ஒருநாள் கேன்டீனில் உட்கார வைத்துப் பேசினேன்.

"எல்லாம் முடிஞ்சு போச்சே தினா. டிவிடியே சொல்லிடுச்சு, நீ இல்லைன்னு."

"ஃபைலு மாறலைன்னுதான்க்கா சொல்லிச்சு" என்றான். "அது மாறியிருந்தா? ஏன்னா மாறுமில்ல, எப்பயாச்சும் ஒண்ணு மாறும். அன்னிக்கு உள்ள இருந்தது நானா இருப்பேன். என்டர் தட்டும்போதெல்லாம் அந்த சோபாதான்க்கா ஞாபகம் வருது. இப்படி எவ்ளோ நாளு வேலை பாக்கறது?"

அந்த மாதக் கடைசியில் அவனே எழுதிக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டான். மாமா ஒருவர் ஹோசூர் ரோட்டில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறார், அங்கே போகிறேன் என்றான். போகும்போது என் மேஜைக்கு வந்து, "வரேன்க்கா" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவ்வளவு நன்றாக வேலை தெரிந்தவன் எனக்குக் கீழே அதற்குப் பிறகு வரவில்லை.

அன்று சாயங்காலம் எல்லா சர்வரிலிருந்தும் அவன் கணக்கை நீக்க ஆன்சிபிளை ஓட்டினேன். மறுநாள் காலை எய்டு தன் வேலையைச் செய்திருந்தது. பயனர் பெயர்கள் இருக்கும் கோப்பு ஒவ்வொரு சர்வரிலும் மாறியிருக்கிறது என்று வரிசையாக மெயில்கள். விதிப்படி ஒவ்வொன்றையும் திறந்து படித்தேன். எல்லாவற்றிலும் ஒரே மாற்றம்தான், தினகரன் என்ற ஒரு வரி குறைந்திருந்தது. காரணம் எழுத வேண்டிய இடத்தில் நாங்கள் வழக்கமாக எழுதும் சொல்லைத்தான் எழுத வேண்டும். 'எதிர்பார்த்த மாற்றம்' என்று எழுதி, என் பெயரைப் போட்டேன். எல்லா சர்வருக்கும் ஒவ்வொன்றாக எழுதினேன், அன்றைய பொழுது அதிலேயே போனது.